6,000 கொசுக்களும் ஒரு மலையும்

மலேசியாவின் கேமரன் மலையில் உயிர்களை மாற்றும் வேலை ஆய்வகத்துக்கு வெளியே நூறாண்டுகளாக நடந்துவருகிறது. சட்டத்தின் கண் மட்டும் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை.

அந்த மலையின் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் இரவில் மலைப்பாதையில் போகிறவர்களுக்குச் சரிவுகளில் வரிசை வரிசையாக விளக்கு எரிவது தெரியும். குடியிருப்புகள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே செவ்வந்திச் செடிகள் விழித்திருக்கின்றன. இரவு நீண்டால் மொட்டு விடும் இனம் செவ்வந்தி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். அப்படியே விட்டால் காம்பு நீளுவதற்கு முன்பே பூத்துவிடும். காம்பில்லாத பூவைச் சந்தையில் யாரும் சீண்டமாட்டார்கள். ஆகவே இரவில் விளக்கைப் போட்டு, பொழுது இன்னும் சாயவில்லை என்று செடியை நம்பவைக்கிறார்கள். வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். செடி பூக்கிறது, லாரி கிளம்புகிறது.

விடிந்த பிறகு பார்த்தால் மலையின் மற்றப் பொருட்களும் இப்படித்தான். சுற்றுலாப் பயணிகள் கூடை தூக்கிப் பறிக்கும் ஸ்ட்ராபெரி, 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் இரண்டு அமெரிக்க இனங்கள் கலந்து பிறந்தது. முட்டைக்கோஸ் ஐரோப்பாவின் காட்டுக்கடுகுச் சாதியிலிருந்து மனிதன் திரட்டி எடுத்தது. இடுப்பளவுக்குப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் நிற்கும் தேயிலை, விட்டால் 10 மீட்டருக்கு மேல் வளரும் மரம். கொழுந்து கிள்ளிக் கிள்ளியும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியும் அதைச் செடியாகவே வைத்திருக்கிறோம். 'இயற்கையின் மடி' என்று தலைப்புப் போட்டு நாம் பகிர்ந்துகொள்ளும் கேமரன் மலைப் படங்களில், மனிதக் கை படாத பச்சை எவ்வளவு என்று கேட்டால் பதில் மிகக் குறைவாகவே வரும்.

உயிரித் தொழில்நுட்பம் என்றதும் வெள்ளை அங்கி, நுண்ணோக்கி, மரபணுக் கத்தரி என்று மனம் போகிறது. அச்சமும் அங்கேயே போகிறது, சட்டமும் அங்கேயே போகிறது. ஆனால் பகாங் மாநிலத்தின் இந்த மலையில் உயிர்களின் போக்கை அடியோடு மாற்றியவை மண்வெட்டி, மருந்துத் தெளிப்பான், பிளாஸ்டிக் விரிப்பு, புல்டோசர். இவற்றுக்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை. ஆகவே ஆய்வகத்திடம் கேட்ட கேள்விகளை இவற்றிடம் யாரும் அழுத்திக் கேட்கவும் இல்லை.

பூஞ்சை எழுதிய வரலாறு

1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசு நிலஅளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். காடு அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் காடாகவே இருந்தது. செமாய் பூர்வகுடி மக்களுக்கு அது ஏற்கெனவே ஊர், வரைபடத்துக்குத்தான் புதிது. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து மலைவாசத்துக்கும் விவசாயத்துக்கும் ஏற்ற இடம் என்று சொன்ன பிறகு பாதை போடும் வேலை தொடங்கியது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பன்சல் குடும்பத்தின் பாரத் தோட்டம் வந்தது. காட்டை அழித்து நாற்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

தமிழர் தேயிலைக்கு வந்த கதைக்குள்ளேயே ஓர் உயிரியல் விபத்து இருக்கிறது. இலங்கை மலையகத்தில் முதலில் இருந்தது காபி. ஒரே பயிரை மலைமலையாக நட்ட தோட்டங்களில் 1869இல் இலைத் துரு நோய்ப் பூஞ்சை தென்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் காபித் தொழில் படுத்தது. 1867இலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காபிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும். வேலை முடிந்தால் தமிழகத்துக்குத் திரும்பலாம். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். வந்துபோன கூலிகள் லயங்களில் குடும்பமாகத் தங்கினார்கள். கொழுந்து கிள்ளப் பெண்கள் அதிகமாகத் தேவைப்பட்டார்கள். ஒரு பூஞ்சையும் ஒரு செடியின் தளிர்க்கும் பழக்கமும் சேர்ந்து ஒரு சமூகத்தின் முகவரியை மாற்றின. அந்தத் தோட்ட அமைப்புதான், கங்காணி முதல் கொழுந்துக்கூடை வரை, கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது.

இன்றைக்குக் கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கையால் கிள்ளிய இடத்தில் பெட்டி வைத்த கத்தரி வந்தது. சரிவு இடம் கொடுக்கும் நிரைகளில் இருவர் ஆளுக்கொரு முனை பிடித்துத் தள்ளும் இயந்திரம் வந்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள்.

ஒரு தாய், ஆயிரமாயிரம் தூர்கள்

தேயிலைப் பூ பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. அதனால் விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு தூரும் தனிப் பிறவி. ஒன்று சீக்கிரம் தளிர்க்கும், ஒன்று சோம்பும். ஒன்றின் சாயம் ஏறும், பக்கத்துத் தூரில் மணம் ஏறும். பழைய விதைத் தேயிலை நிரையைக் கூர்ந்து பார்த்தால் இலையின் நிறத்திலேயே வேறுபாடு தெரியும். கணக்குப் பார்க்கும் தோட்டத்துக்கு இது தலைவலி. ஆகவே ஆயிரக்கணக்கான தூர்களில் சிறந்ததைத் தேர்ந்து, ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டாக வெட்டி, நாற்று மேடையில் வேர்விடச் செய்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் மரபணுவில் வேற்றுமை கிடையாது. குளோன் என்ற சொல்லைக் கேட்டதும் டாலி ஆட்டை நினைக்கிறோம். டாலி 1996இல் பிறந்தது. அசாமின் டாக்லாய் ஆய்வு நிலையம் தன் முதல் தேயிலைக் குளோன்களை வெளியிட்டது 1949இல்.

தலவாக்கலை ஆய்வு நிறுவனத்தின் டிஆர்ஐ 2025 இலங்கைத் தோட்டக்காரர்களுக்கு வீட்டுப் பிள்ளையின் பெயர்போல் பழக்கம். தென்னிந்தியாவில் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் ஆய்வாளர்கள் தாம் தேர்ந்த குளோன்களுக்குச் சுந்தரம், ஜெயராம், பாண்டியன் என்று ஆள் பெயரே வைத்தார்கள். மலேசியாவிலும் புது நடவுகள் தேர்ந்த குளோன்களை நம்பியே நடக்கின்றன. விளைச்சல் கூடியது, சுவை சீரானது, கொழுந்து ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் வந்ததால் இயந்திரமும் சாத்தியமானது.

இதற்கு விலை உண்டு. ஒரே மரபணு உள்ள ஆயிரக்கணக்கான தூர்களுக்கு ஒரே பலவீனம்தான் இருக்கும். ஒன்றின் கதவு திறந்தால் எல்லாவற்றின் கதவும் திறக்கும். 1946இல் கொப்புள நோய் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இறங்கியபோது தோட்டங்கள் பதறிப்போயின. அதன் பிறகு தாமிர மருந்து தெளிப்பது மலைத் தேயிலையின் வழக்கமாகிவிட்டது. அன்றைய தோட்டங்களில் பெரும்பகுதி விதைத் தேயிலை. தூருக்குத் தூர் எதிர்ப்புச் சக்தி மாறியது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் பிற்பாடு நோய் தாங்கும் தாய்த் தூர்களைத் தேட முடிந்தது. விதைத் தேயிலை நிரைகளைப் பிடுங்கிவிட்டுக் குளோன் நடும் ஒவ்வொரு ஏக்கரிலும் அந்தச் சேமிப்பு கொஞ்சம் கரைகிறது.

இப்போது கருவிகள் இன்னும் கூர்மையாகியிருக்கின்றன. தேயிலையில் கஃபீன் உண்டாக்கும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் அடையாளம் கண்டார்கள். 2017இல் சீனாவின் குன்மிங் ஆய்வாளர்கள் அசாம் வகைத் தேயிலையின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். மனிதனுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவே. மரபணு மாற்றிய தேயிலை இன்னும் கடைக்கு வரவில்லை. வரும் நாளில் ஊர்வலங்களும் வழக்குகளும் நடக்கும், நடக்கவும் வேண்டும். ஆனால் மரபணு வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் வேலை, ஒரு மரபணுவைக்கூட வெட்டாமல், நாற்று மேடைகளில் எப்போதோ தொடங்கிவிட்டது.

புழு கற்றுக்கொண்ட பாடம்

தேயிலையை விட்டு ரிங்லெட், கம்போங் ராஜா காய்கறி வயல்களுக்கு வந்தால் கதை வேகமெடுக்கிறது. இங்கே நாயகன் வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் புழு முட்டைக்கோஸ் இலையைச் சல்லடையாக்கிவிடும். குளிர்ந்த மலையிலும் ஆண்டு முழுவதும் அதற்குச் சாப்பாடு இருக்கிறது; தலைமுறைமேல் தலைமுறையாகப் பெருகுகிறது.

விவசாயி மருந்தடித்தார். கொஞ்சம் புழு பிழைத்தது. பிழைத்ததன் பிள்ளைகள் அதே மருந்தைத் தாங்கின. மருந்தை மாற்றினார்கள், அதையும் தாங்கின. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து, வாரத்துக்கு ஒருமுறை, சில நேரம் அதற்கும் மேல் தெளித்தார்கள். இயற்கைத் தேர்வு என்று டார்வின் சொன்னது இங்கே தெளிப்பான் முனையில் நடந்தது. நாம் கொல்ல நினைத்தோம்; நடந்தது என்னவோ பயிற்சி. 1980களில் கேமரன் மலைக் காய்கறிகளை, மருந்து எச்சம் அதிகம் என்று சிங்கப்பூர் திருப்பி அனுப்பியபோதுதான் சிக்கல் பணப்பையைத் தொட்டது.

இதற்கிடையே வேறொரு வழியும் திறந்திருந்தது. 1975 முதல் 1977 வரை மலேசிய வேளாண் ஆய்வாளர்கள் டயடெக்மா என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கேமரன் மலையில் விட்டார்கள். பெண் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று வளரும். மலையகத் தமிழருக்கு இந்த உத்தி புதிதல்ல: 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இன்னொரு குளவிதான் இலங்கைத் தேயிலையைச் சுருட்டுப்புழுவிடமிருந்து மீட்டது. கேமரன் மலையின் குளிர் டயடெக்மாவுக்கு ஒத்துப்போனது. சமவெளி வெயிலில் அது நிலைப்பதில்லை. ஆனால் பல ஆண்டுகள் அதனால் தலையெடுக்க முடியவில்லை. புழுவுக்கு அடித்த மருந்து குளவியைத்தான் முதலில் கொன்றது.

குளவிக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது ஒரு பாக்டீரியா. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாகப் பிடி. மண்ணில் இயல்பாக உள்ள இந்த நுண்ணுயிர் உண்டாக்கும் புரதம் புழுவின் குடலைத் துளைக்கும், குளவியை ஒன்றும் செய்யாது. ரசாயன மருந்தைக் குறைத்துப் பிடியைத் தெளித்த வயல்களில் குளவி பெருகியது. 1980களின் கடைசியில் கேமரன் மலை, பூச்சியைப் பூச்சியால் அடக்கிய இடமாக உலக ஆய்விதழ்களில் இடம்பிடித்தது.

நல்ல முடிவுதான், கையோடு காப்பாற்றியிருந்தால். பிடி நன்றாக வேலை செய்கிறது என்றதும் அதையே கைக்கு வந்தபடி தெளித்தார்கள். 1990இல் ஹவாய்த் தீவில் பிடிக்கு எதிர்ப்பு பெற்ற வைரமுதுகு அந்துப்பூச்சி கண்டறியப்பட்டது. வயலில் பிடியை வென்ற முதல் பூச்சி அதுதான். பின்னர் மலேசிய வயல்களில் பிடித்த புழுக்களை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ந்தபோது அங்கும் அதே எதிர்ப்பு. இந்தியாவில் 2002இல் பிடி பருத்திக்கு அனுமதி தந்தபோதும், 2010இல் பிடி கத்தரிக்காயை நிறுத்தி வைத்தபோதும், இந்தப் புரதத்தின் மரபணுவைச் செடிக்குள் வைக்கலாமா என்று நாடே விவாதித்தது. அதே புரதத்தைச் செடிக்கு வெளியே தெளித்தே ஒரு பூச்சியின் மரபணுக்களை விவசாயிகள் மாற்றியிருந்தார்கள். அதைப் பற்றி எந்த ஊரிலும் பொது விசாரணை நடக்கவில்லை.

பெந்தோங்கில் விட்ட கொசு

விசாரணை நடந்த கதை ஒன்றும் பகாங்கிலேயே இருக்கிறது. 2010 டிசம்பர் 21 அன்று பெந்தோங் அருகே ஆள் நடமாட்டமில்லாத காட்டில், மரபணு மாற்றிய 6,000 ஆண் ஏடிஸ் கொசுக்களும் ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண ஆண் கொசுக்கள் 6,000உம் விடப்பட்டன. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் இனம் இது. பிரிட்டனின் ஆக்சிடெக் நிறுவனம் உருவாக்கிய கொசுவின் பிள்ளைகள் வளருமுன்பே செத்துப்போகும்படி மரபணு அமைக்கப்பட்டிருந்தது. ஆண் கொசு கடிக்காது. எவ்வளவு தூரம் பறக்கின்றன, எத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பதே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் நோக்கம். சோதனை முடிந்ததும் அந்த இடத்தில் கொசுமருந்து அடிக்கப்பட்டது.

இதற்கு முன்னால் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம், தேசிய வாரியத்தின் ஒப்புதல், நிபந்தனைகள், பொதுமக்கள் கருத்து. இவ்வளவுக்குப் பிறகும், சோதனை நடந்த செய்தி ஒரு மாதம் கழித்தே வெளிவந்தது என்று கண்டனம் எழுந்தது. இராமநாதபுரம் மண்ணில் பிறந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலிருந்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எதிர்ப்பில் முன்னணியில் நின்றது. விட்ட உயிரைத் திரும்பப் பிடிக்க முடியுமா, எதிர்பாராதது நடந்தால் யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்டது சரியான கேள்வி. மரபணு மாற்றிய கொசுவோடு மலேசியா மேலே போகவில்லை. பிற்பாடு, டிங்கிப் பரவலைத் தடுக்கும் வோல்பாக்கியா பாக்டீரியாவைச் சுமக்கும் கொசுக்களைச் சிலாங்கூரில் விட்டுப் பார்த்தது. அந்தப் பகுதிகளில் டிங்கி குறைந்தது.

சில நாட்களில் மடியும் 6,000 கொசுக்களுக்காக ஒரு நாடு இவ்வளவு யோசித்ததில் தவறில்லை. அந்த யோசனையில் பாதியாவது மலைக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் ஆதங்கம்.

மண் இறங்கிய வழி

கேமரன் மலையின் தெலோம், பெர்தாம் ஆறுகள் இயல்பில் கிழக்கே பகாங் ஆற்றைச் சேர வேண்டியவை. 1960களின் மின் திட்டம் அவற்றின் நீரைச் சுரங்கம் வழியாக மேற்கே, பேராக் பக்கம் திருப்பியது. அதற்காக 1963இல் முடிந்த சுல்தான் அபு பக்கர் அணைதான் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை உண்டாக்கியது. 67 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவுக்குத் திட்டமிட்ட அந்தத் தேக்கம் பல பத்தாண்டுகளாக வண்டலால் நிரம்பிவருகிறது. தூர்வாரும் வேலைக்கு முடிவே இல்லை.

வண்டல் எங்கிருந்து வருகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. காட்டு மண்ணை வேரும் சருகும் பிடித்துக்கொள்ளும். தேயிலையும், மேலே மட்டமாக மூடியும் கீழே ஆழமாக வேரூன்றியும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். காய்கறிக்காகச் சரிவைச் சீவிப் படி வெட்டினால் மண் திறந்துபோகிறது. பிளாஸ்டிக் கூரை போட்டால் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மொத்தமாகக் கால்வாய்க்கு ஓடுகிறது. கூரையின் நன்மை நிஜம்தான்: நோய் குறைகிறது, தக்காளி வெடிப்பதில்லை. நன்மை கூரைக்குக் கீழே நிற்கிறது, தீமை சரிவுக்குக் கீழே போகிறது.

2013 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயின. அடுத்த ஆண்டு நவம்பர் 5 அன்று ரிங்லெட் பகுதியில் மறுபடியும் மண்வெள்ளம், மறுபடியும் மரணம். அப்போது நாட்டின் இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சர் ஜி. பழனிவேல். கேமரன் மலையின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரம். கூட்டரசு அமைச்சகம் ஒரு பக்கம், மாநில நில அலுவலகம் ஒரு பக்கம், அணை மின் நிறுவனத்தின் கையில். வெள்ளத்துக்குப் பிறகு சட்டவிரோத வயல்களை இடிக்கும் நடவடிக்கைகள் நடந்தன. இடித்த இடங்களுக்குப் பக்கத்திலேயே புதுச் சரிவுகள் சிவந்தன.

வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இங்குள்ள காய்கறி விவசாயிகளில் பெரும்பாலோர் நீண்டகாலம் நிலத்தை வைத்திருந்தது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில். அடுத்த ஆண்டு கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் எந்த விவசாயி கல் வரப்புக் கட்டுவார், மண் வளர்ப்பார், குளவிக்காகக் காத்திருப்பார்? மருந்து நாளைக்கே பலன் காட்டும். குளவி பல பருவம் கேட்கும். உரிமத்தின் காலமே பூச்சி மேலாண்மையைத் தீர்மானித்துவிடுகிறது.

மேகத்துக்கு மேலே

2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் சிகரத்தில் பாசிக்காடு இருக்கிறது. மேகம் தொட்டு ஈரமாகும் இந்தக் காட்டில் மரங்கள் குட்டை, கிளையெல்லாம் பாசி, இடையிடையே பூச்சி தின்னும் குடுவைச் செடிகள். கீழே உள்ள ஓடைகளுக்கு மழையில்லாத நாளிலும் நீர் விடுவது இந்தப் பஞ்சுதான். உலகம் சூடாகும்போது சமவெளி உயிர்கள் மெல்ல மேலே ஏறலாம், மேகமும் உயரலாம். சிகரத்தில் இருப்பவற்றுக்கு ஏற மேலே நிலம் இல்லை. குளிரை நம்பி வாழும் டயடெக்மா குளவிக்கும் இதே நெருக்கடி வரும். ஆற்றைக் குடிநீராகவும் மீனாகவும் நம்பும் பூர்வகுடிக் கிராமங்களுக்கு மேலிருந்து வரும் சேறும் மருந்தும் நேற்றே வந்துவிட்டன. ரீச் போன்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்புகள் 2001 முதல் இதைத்தான் சொல்லிவருகின்றன.

எந்தக் கேள்வியை எங்கே கேட்பது?

புதிய உயிரித் தொழில்நுட்பங்கள் இந்த மலைக்கு வரத்தான் போகின்றன. வறட்சி தாங்கும் தேயிலை, மருந்து குறைவாகக் கேட்கும் முட்டைக்கோஸ் என்று நல்ல வாக்குறுதிகளோடு வரும். அவற்றில் சில உண்மையாகவே உதவலாம். கேமரன் மலையின் அனுபவம் சொல்வது இதுதான்: கருவி எதுவானாலும் அதைச் சுற்றியுள்ள நிலவுரிமை, சந்தை, மேற்பார்வை ஆகியவையே அது மருந்தாகுமா நஞ்சாகுமா என்று முடிவுசெய்கின்றன. பிடி என்ற அருமையான கருவியைப் புழு வென்றது அறிவியலின் தோல்வியால் அல்ல. அளவாகப் பயன்படுத்த யாருக்கும் காரணம் இல்லாததால்.

ஆகவே உயிரியல் பாதுகாப்புக்காக நாம் உருவாக்கிய கேள்விப் பட்டியலை ஆய்வகத்தோடு பூட்டி வைக்காமல் வயலுக்கும் கொண்டுவர வேண்டும். புதிதாகச் சந்தைக்கு வரும் பூச்சிமருந்தோடு, எத்தனை முறைக்கு மேல் தெளித்தால் பூச்சி எதிர்ப்பு பெறும் என்ற கணக்கும் கண்காணிப்பும் வரட்டும். பிடுங்கும் விதைத் தேயிலையில் ஒரு பகுதியைத் தாய்த் தோட்டமாகக் காக்கும் கடமை தோட்டங்களுக்கு வரட்டும். உரிமம் போதிய ஆண்டுகளுக்கு நீளட்டும், நீளும் ஆண்டுகளுக்கு மண் காப்பு நிபந்தனையாகட்டும். ஒரு சரிவைச் சீவ அனுமதி எழுதும் அதிகாரி, அந்தச் சரிவுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்ற பத்தியையும் நிரப்பித் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும் என்று ஒரே ஒரு விதி போட்டாலும் போதும். மீதிக் கேள்விகளை அந்தக் குடியிருப்புகளே கேட்டுக்கொள்ளும்.